எம்எஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கிற பொண்ணு ப்ளகின் எழுதுறா, இதுக்கு வேலை இருக்கான்னு கேட்ட அம்மாவுக்கு

அம்மா, உங்க மெசேஜ் பாத்தேன். பொண்ணு எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முதல் வருஷம், ராத்திரி பூரா லேப்டாப்ல புரோட்டீன் படத்தை திருப்பி திருப்பி பாத்துட்டு ப்ளகின் (பெரிய சாஃப்ட்வேர்ல புது வசதி சேக்கிற குட்டி புரோகிராம்) எழுதுறேன்னு சொல்றா, இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா இல்ல பேசாம பி.எட் சேத்துவிட்டுடலாமான்னு கேக்குறீங்க. பி.எட் நல்ல படிப்புதான், ஆனா அவ பண்றதும் விளையாட்டு இல்லம்மா.

அவ யூஸ் பண்றது பைமால்னு சொன்னீங்க. 2000ல வாரன் டிலானோ வெளியிட்ட சாஃப்ட்வேர் அது, இப்போ ஷ்ரோடிங்கர் கம்பெனிகிட்ட இருக்கு, ஓப்பன் சோர்ஸ் வெர்ஷன் இலவசமாவே கிடைக்கும். புரோட்டீனும் மருந்தும் எப்படி ஒட்டிக்குதுன்னு 3டில காட்டும். ஆனா ஒவ்வொரு லேபுக்கும் தனியா ஒரு தேவை இருக்கும், அதுக்கு மெனுல பட்டன் இருக்காது, அப்போ பைத்தான்ல ஒரு ஃபங்ஷன் எழுதி 'சிஎம்டி டாட் எக்ஸ்டெண்ட்'னு ஒரு வரி சேத்துட்டா அது பைமாலோட சொந்த கமாண்ட் மாதிரியே ஓடும். இதே மாதிரி மூலக்கூறு பாக்குற வேற சாஃப்ட்வேரும் இருக்கு: கைமீராஎக்ஸ்லயும் பைத்தான்தான், விஎம்டில டிசிஎல்னு வேற மொழி, அவகாட்ரோல பெரிய வேலைன்னா சி பிளஸ் பிளஸ் வேணும். இப்போதைக்கு அவளுக்கு பைத்தான் போதும், நாலையும் ஒரே நேரத்துல தொட வேணாம்னு சொல்லுங்க.

வேலை விஷயம் நேராவே சொல்லிடுறேன். "ப்ளகின் டெவலப்பர்"னு தனி போஸ்டிங் நம்ம ஊர்ல ரொம்ப அபூர்வம். வேலை இருக்கிறது கம்ப்யூட்டேஷனல் கெமிஸ்ட்ரி டீம்ல, அதாவது கெமிஸ்ட்ரியை கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு பாக்குற டீம்ல, பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் மருந்து ஆராய்ச்சி கம்பெனிகள்ல, ஷ்ரோடிங்கருக்கே அந்த ரெண்டு ஊர்லயும் ஆபீஸ் இருக்கு. அங்க இந்த ஸ்கில் வேலையோட ஒரு பகுதி. பல இடத்துல பிஎச்டி கேப்பாங்க, அதையும் இப்பவே மனசுல வச்சுக்கோங்க.

பிடெக் கம்ப்யூட்டர் படிச்ச பசங்களோட இவ எப்படி போட்டி போடுவான்னும் கேட்டிருந்தீங்க. இங்கதான் உங்க பொண்ணுக்கு பலமே இருக்கு. ஒரு உதாரணம் சொல்றேன். லேப்ல முப்பது மூலக்கூறுக்கு டாக்கிங், அதாவது மருந்து புரோட்டீன்ல எப்படி உக்காரும்னு கம்ப்யூட்டர்ல கணிக்கிற வேலை, ஓட்டிருக்காங்கன்னு வைங்க, ஒவ்வொண்ணா திறந்து மருந்துக்கு 4 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள்ள எந்தெந்த அமினோ அமிலம் இருக்கு, எங்க ஹைட்ரஜன் பாண்ட் இருக்குன்னு எக்ஸெல்ல டைப் பண்றது பெரிய இம்சை, அதை ஒரே க்ளிக்ல டேபிளா எடுக்கிற ப்ளகினை கோடிங் தெரிஞ்ச யாரும் எழுதிடலாம், ஆனா எக்ஸ்ரேல எடுத்த ஸ்ட்ரக்சர் ஃபைல்ல பெரும்பாலும் ஹைட்ரஜனே இருக்காது, அதை சேக்காம எண்ணினா விடை கோவிந்தா. ஹிஸ்டிடின்ங்கிற அமினோ அமிலத்துல ஹைட்ரஜன் எந்த நைட்ரஜன்ல உக்காருதுன்னு யோசிக்கணும். அமினோ அமிலத்தோட ஒரே பக்கச்சங்கிலி ஃபைல்ல ரெண்டு நிலையில பதிவாயிருக்கும், கவனிக்கலன்னா ஒரு காண்டாக்ட்டை ரெண்டு தடவை எண்ணிடும். ப்ளகின் எரரே காட்டாது, அழகா தப்பான டேபிள் குடுக்கும்! இதெல்லாம் கெமிஸ்ட்ரி படிச்ச கண்ணுக்குத்தான் தெரியும், இன்டர்வியூல இதை அவ விளக்கி சொன்னா எதிர்ல உக்காந்திருக்கிறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

அதனால அவ டிபார்ட்மென்ட்ல டாக்கிங் பண்ற சீனியர் யாராவது இருந்தா போய் கேக்க சொல்லுங்க, "அக்கா, தினமும் கையால பண்ற வேலைல எது ரொம்ப கடுப்பா இருக்கு"ன்னு. அதுக்கு ஒரு சின்ன ப்ளகின், எப்படி யூஸ் பண்றதுன்னு ஒரு பக்கம், டெஸ்ட் பண்ண பொதுவுல கிடைக்கிற புரோட்டீன் டேட்டா பேங்க் ஃபைல் ரெண்டு மூணு, எல்லாரும் கோடை பாக்குற மாதிரி போட்டு வைக்கிற கிட்ஹப் சைட்ல போட்டுடட்டும். லேபோட வெளியிடாத மூலக்கூறு எதையும் கைடுகிட்ட கேக்காம அதுல ஏத்திடக்கூடாது, இது முக்கியம். பழக்கத்துக்கு முதல்ல ராமச்சந்திரன் பிளாட்டுன்னு ஒரு வரைபடம், அதுக்கான ஃபை, சைங்கிற புரோட்டீன் சங்கிலியோட திருகு கோணங்களை எடுத்து வரைஞ்சு பாக்கட்டும், 1963ல மெட்ராஸ் யுனிவர்சிட்டில இருந்து வந்த விஷயம் அது, இன்னைக்கும் புரோட்டீன் ஸ்ட்ரக்சர் சரியான்னு பாக்க உலகம் பூரா அதைத்தான் போட்டு பாக்குறாங்க.

படிப்பு கூடவே சிஎஸ்ஐஆர் நெட், கேட் ரெண்டு தேர்வுக்கும் தயாராகட்டும். நெட் மூலமா ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபா, வீட்டு வாடகைப்படி தனி, அப்போ பிஎச்டிக்கு உங்க கைக்காசு பெருசா போகாது. பி.எட் அதுக்கப்புறம்கூட பண்ணிக்கலாம், கதவு ஒண்ணும் சாத்திடாது.

அந்த ஆன்லைன் இன்ஸ்டிட்யூட் நகையை வச்சாவது ஃபீஸ் கட்டுங்க, பிளேஸ்மென்ட் கேரண்டின்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்களே, பணம் கட்டாதீங்கம்மா. அவங்ககிட்ட படிச்ச பழைய ஸ்டூடண்ட் சொந்தமா எழுதின ஒரு ப்ளகினோட கிட்ஹப் லிங்க் அனுப்ப சொல்லுங்க. வந்தா எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, கோடை பாத்துட்டு சொல்றேன்.