சகுனி, சூ வென்சியாங், ஆ டெக்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஈசூனில் வளர்ந்தவள். இப்போது பொங்கோலில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். போன டிசம்பர் விடுமுறையில், சின்ன வயதில் நான் உயிராகப் பார்த்த இரண்டு தொடர்களை அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்று பி. ஆர். சோப்ராவின் இந்தி ‘மகாபாரதம்’. இன்னொன்று எட்டாம் ஒளிவழியில் வந்த ஹாங்காங் நாடகம் ‘தி பண்ட்’. ஒரு நாளைக்கு ஐந்தாறு பகுதிகள் என்று பார்த்தோம். இரண்டு அம்புகள் வானத்தில் மெதுவாக வந்து முட்டிக்கொண்டதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கே பல இடங்களில் அலுப்புத் தட்டியது.

சரி, நம் சிங்கப்பூர்த் தமிழ் நாடகம் ஒன்றையாவது காட்டலாமென்று தேடினேன். எண்பதுகளில் நான் பார்த்த எதுவும் கிடைக்கவில்லை. நடித்தவர்களின் முகங்கள் நினைவில் இருக்கின்றன, பெயர்கள் இல்லை.

அந்தத் தொடர்கள் நிஜமாகவே நல்லவைதானா? இல்லை, நம் வயதுதான் அப்படி நினைக்க வைத்ததா? மறுபடி பார்க்காமலே விட்டிருக்க வேண்டுமா?

ஒரு வாசகி, பொங்கோல்

*

அன்புள்ள வாசகிக்கு,

நல்லவைதான். மறுபடி பார்த்ததிலும் தப்பில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு பகுதிகள் பார்த்தீர்களே, அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

மகாபாரதம் மொத்தம் 94 பகுதிகள். தூர்தர்ஷனில் 1988 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, 1990 ஜூனில் முடிந்தது. பத்து வயதில் பார்க்கத் தொடங்கிய பிள்ளைக்குப் போர் முடியும்போது பன்னிரண்டு வயது ஆகப் போகிறது. எங்கள் வீட்டுக்கு அது தேக்கா வீடியோ கடையிலிருந்து கேசட்டாக வந்தது. பார்த்ததைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்தது கடைக்கு வந்திருக்காது, இல்லையென்றால் வேறு யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். அதுவரை வீட்டில் அதே பேச்சுதான். கர்ணன் செய்தது சரியா, பீஷ்மர் ஏன் வாயைத் திறக்கவில்லை, குந்தி முன்பே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சாப்பாட்டு மேசையில் கட்சி பிரித்துச் சண்டை போடுவோம். அந்தத் தொடரை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. ஒவ்வொரு பகுதியையும் ஒரு கேள்வியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பேசித் தீர்க்க நமக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். அடுத்த பகுதி பத்து நொடியில் தானாக ஓடத் தொடங்கினால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. மிஞ்சுவது மெதுவான அம்புகள்தான். உங்கள் பிள்ளைகள் சிரித்ததில் ஆச்சரியமில்லை.

அம்புகளை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துத் தந்திரக் காட்சிகளில் எனக்கும் பெரிய மரியாதை இல்லை. சூதாட்டப் பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு சபை. தந்திரக் காட்சிகளை நம்பாமல் பெரும்பகுதி முகங்களை வைத்தே நகர்கிறது. சகுனியாக நடித்த குஃபி பெயின்டல் காயை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவார். ஒரு கண்ணைச் சற்றே சுருக்கிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசுவார். தொடருக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலும் அவர்தான் இருந்தார். பீமனாக வந்த பிரவீன் குமார் சோப்தி 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் வட்டெறிதலில் தங்கம் வென்றவர். அந்தத் தோள்களுக்கு ஒப்பனை எதுவும் தேவைப்படவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சபையில் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் அந்தக் காட்சியின் கொடுமை உறைக்கிறது. வசனம் ராஹி மாசூம் ராசா. உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் எழுத்தாளர். வியாசரின் கதையைக் காலமே சொல்வதாக வைத்து, ஹரீஷ் பிமானியின் குரலில் ‘நான் காலம்’ என்று ஆரம்பிக்க வைத்தார்கள். இந்தி தெரியாத நம் வீடுகளிலும் அந்தக் குரல் கேட்டதும் அடுப்படியில் இருந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். நம் வயதை மட்டும் காரணம் சொன்னால் இத்தனை பேருடைய உழைப்புக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூர்த் தமிழருக்கு இந்தக் கதை டீவியில் ஆரம்பிக்கவில்லை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முந்தைய வாரங்களில் பாரதக் கதையைச் சடங்குகளாக நடத்திக் காட்டுகிறார்கள். திரௌபதி திருக்கல்யாணம், அர்ச்சுனன் தபசு, அரவான் களபலி எல்லாம் வரிசையாக வரும். என் அப்பாயிக்குத் திரௌபதி கதையில் வரும் பெண் மட்டும் இல்லை, அம்மன். ரூபா கங்குலியைச் சபைக்கு இழுத்து வந்த காட்சியில் அப்பாயி சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டார். கண்ணன் சேலை கொடுக்கும்வரை யாரையும் பேச விடவில்லை. சகுனி மேல் அவருக்கு இருந்த கோபமும் வேறு மாதிரியானது. நம் வீடுகளில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் முதலில் வந்து நிற்க வேண்டியவன் தாய்மாமன். அவனே பக்கத்தில் உட்கார்ந்து குடும்பத்தைக் கெடுக்கிறான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்தக் கேசட் ஓடிய வாரம் எங்கள் மாமா வீட்டுக்கு வந்தபோது, பாவம், அவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

‘தி பண்ட்’ பற்றி எழுதியிருந்தீர்கள். 1980இல் ஹாங்காங்கின் டிவிபி தொலைக்காட்சி நிறுவனம் எடுத்த 25 பகுதி நாடகம். கேண்டனீஸில் எடுத்ததை இங்கே மாண்டரினில் பேச வைத்துக் காட்டினார்கள், 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பிறகு அதுதான் வழக்கம். நீண்ட கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சால்வையுமாக, கதாநாயகன் சூ வென்சியாங் வேடத்தில் சௌ யுன் ஃபாட். அதற்கு முன்பு அவரை நம் வீடுகளில் யாருக்கும் தெரியாது.

ஒரு தமிழ்க் குடும்பம் ஏன் மாண்டரின் நாடகம் பார்த்தது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். 1963இல் தொலைக்காட்சி வந்தபோது ஐந்தாம் ஒளிவழி ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும், எட்டாம் ஒளிவழி சீனத்துக்கும் தமிழுக்கும் என்று பிரித்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை தமிழ் நிகழ்ச்சிகள் எட்டாம் ஒளிவழியில்தான் வந்தன. 2000 ஜனவரியில், சென்ட்ரல் ஒளிவழியில் தமிழுக்கான நேரமாக வசந்தம் சென்ட்ரல் வந்தது. வசந்தம் தனி ஒளிவழியானது 2008 அக்டோபரில்தான். ஆக முப்பது வருடத்துக்கு மேல் நாமும் சீனர்களும் ஒரே ஒளிவழியில் முன்னும் பின்னுமாக இருந்தோம். தமிழ்ச் செய்திக்காகப் பெட்டியைப் போட்டால் சீன நாடகத்தின் கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும். தமிழ் முடிந்ததும் அணைக்க மறந்தால் அடுத்த சீன நிகழ்ச்சி வந்துவிடும். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவும் இதேபோல எம்ஜிஆர் சண்டைகளை நிறையப் பார்த்திருந்தார்.

அப்பாயிக்கு மாண்டரினும் தெரியாது, கீழே ஓடும் எழுத்தும் படிக்கத் தெரியாது. சூ வென்சியாங் கதையை அவரே கட்டிச் சொல்வார். யார் யாருக்கு உறவு, யார் யாருடைய பணத்தை ஏமாற்றினான், அந்தப் பெண்ணின் அப்பா ஏன் முறைக்கிறார் என்று தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு கதை. படிக்கத் தெரிந்த அண்ணன் திருத்தப் பார்ப்பான். “நீ சும்மா இருடா, அவன் முகத்தைப் பாரு” என்பார். முகத்தைப் பார்த்தால் அப்பாயி சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சௌ யுன் ஃபாட்டின் நடிப்புக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் சுடப்பட்டு விழுந்த இரவில் பக்கத்து வீட்டு அம்மா கதவோரத்தில் நின்று அழுதார். அப்பாயியும் அழுதார். பசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒருவரையும் சேர்க்க விரும்புகிறேன். 1995இல் தொடங்கிய ‘அண்டர் ஒன் ரூஃப்’ என்ற சிங்கப்பூர் ஆங்கில நகைச்சுவை நாடகத்தின் டான் ஆ டெக். பீஷானில் அடுக்குமாடி வீடு, மளிகைக்கடை, மனைவி மக்கள். மோசஸ் லிம் நடித்தார். வீட்டில் என்ன பிரச்சினை வந்தாலும் சீனாவின் தென்மாநிலத்தில் முன்னொரு காலத்தில் என்று ஒரு கதையை ஆரம்பிப்பார். பிள்ளைகள் முனகுவார்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு நகைச்சுவை நாடகத்தில் வந்த கட்டட ஒப்பந்தக்காரர் புவா சூ காங்கைத்தான் எல்லாரும் முதலில் சொல்கிறார்கள். மஞ்சள் பூட்ஸ், கன்னத்து மச்சம் எல்லாம் எனக்கும் பிடிக்கும். அவருடைய கொச்சை ஆங்கிலத்தை அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் 1999 தேசிய தினப் பேருரையில் குறிப்பிடும் அளவுக்கு அவர் பெரிய ஆள். ஆனாலும் என் ஓட்டு ஆ டெக்குக்குத்தான். சூ காங்கைப் பார்த்துச் சிரித்தோம். ஆ டெக்கோ என் அப்பா மாதிரியே இருந்தார். அப்பாவின் கதைகள் சீனாவுக்குப் பதிலாக மன்னார்குடியில் நடந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். நாங்களும் அப்படித்தான் முனகினோம்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்த இடத்துக்கு வருகிறேன். சகுனி இணையத்தில் இருக்கிறார், சூ வென்சியாங்கும் இருக்கிறார். நம் ஆட்களைத்தான் காணோம். பகலில் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்குப் போய், நம் வீட்டுக் கூடத்தில் மாமனாராகவும் வாடகைக்காரராகவும் கோபக்கார அண்ணனாகவும் வந்தவர்கள் அவர்கள். வாரத்தில் கிடைத்த சில மணி நேரத் தமிழில் சிங்கப்பூர்த் தமிழ் வீடு எப்படி இருக்கும் என்று காட்டியது அவர்கள் மட்டும்தான். சென்னையிலிருந்து வந்த எதிலும் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் குடும்பம் இல்லை.

வானொலியில் பி. கிருஷ்ணன் எழுதிய ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ இன்றும் நம்மிடம் இருக்கிறது. புதுமைதாசன் என்ற பெயரிலும் எழுதியவர் அவர். நாடகம் அச்சில் வந்ததால், அடுக்குமாடிக்கு வந்த முதல் தலைமுறையின் சண்டை சச்சரவெல்லாம் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. எழுதி வைத்தது தப்பித்தது. நாடா விலை அதிகமாக இருந்த காலத்தில் பிபிசியே பழையதை அழித்து அதன் மேல் புதியதைப் பதிந்தது. ‘டாக்டர் ஹூ’ தொடரின் அறுபதுகளின் பகுதிகளில் கிட்டத்தட்ட நூறு அப்படிக் காணாமல் போயின. ஆனால் காணாமல் போன எல்லாப் பகுதிகளின் ஒலியும் இன்று இருக்கிறது. காரணம், வீட்டில் டீவிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்த ரசிகர்கள்.

நம் வீடுகளிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். தீபாவளி சிறப்பு நிகழ்ச்சியைப் பதிவு செய்யப் புதுக் கேசட் வாங்கி வைத்த சித்தப்பா, தங்கை நடனமாடியதால் முழு நிகழ்ச்சியையும் பதிந்துவைத்த அண்ணன். அந்தக் கேசட் சாமான் அறையில் எங்கேயாவது கிடக்கும். கிடைத்தால் அவசரப்பட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும். ஓடவிட்டால் நாடாவும் போகும், கருவியும் போகும். மின்னிலக்கத்துக்கு மாற்றித் தருகிறவர்களிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

பெயர்களுக்கு வேறு வழி இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்கள் இருக்கின்றன. அன்றாடத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல் அதில் வரும். தமிழ் முரசின் பழைய இதழ்களும் இருக்கின்றன. நீங்கள் பார்த்த நாடகம் எந்த ஆண்டு என்று தோராயமாகத் தெரிந்தால் தேதியைப் பிடித்துவிடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் தேடிப் பாருங்கள்.

மகாபாரதத்தை விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள், வாரத்துக்கு ஒன்று மட்டும். பகுதி முடிந்ததும் யார் செய்தது சரி என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். உங்கள் அம்மாவையும் கூட உட்கார வையுங்கள். அப்புறம் நம் நாடகங்களைப் பற்றி அம்மாவிடம் கேட்டு, எந்த நாடகம், யார், என்ன வேடம் என்று தெரிந்தவரை எழுதி எனக்கு அனுப்புங்கள். நடித்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பட்டியலை இங்கே வெளியிடுகிறேன். விட்டுப்போனதைப் படிக்கிறவர்கள் நிரப்பட்டும்.

அன்புடன்.