பில் பணம் எந்த லெட்ஜரில் ஏற வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: வங்கியில் எங்களுக்கு இரண்டு கணக்கு. கணக்கு எழுதும் மென்பொருளில் ‘பேங்க்’ என்று ஒரே லெட்ஜர் (ஒரு தலைப்பின் வரவு செலவைப் பதியும் ஏடு) போதுமா?

பதில்: போதாது. வங்கியில் எத்தனை கணக்கோ அத்தனை லெட்ஜர். பெயரோடு கணக்கு எண்ணின் கடைசி 4 இலக்கத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் ரசீது போடுபவர் கை தவறான பெயரில்தான் போகும். பில்லின் அடியில் எந்தக் கணக்கு எண் அச்சாகிறது என்றும் ஒரு மாதிரி பில் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மென்பொருளில் கணக்கு தொடங்கும் நாளில் வங்கி ஸ்டேட்மென்டில் 50,000 இருக்கிறது. நாங்கள் கொடுத்த 8,000 செக் இன்னும் பாஸாகவில்லை. வங்கி லெட்ஜரில் ஓப்பனிங் பேலன்ஸ், அதாவது தொடக்க இருப்பு, எவ்வளவு?

பதில்: 42,000. அந்தச் செக்கை வங்கிச் சரிபார்ப்பில் (லெட்ஜரையும் ஸ்டேட்மென்டையும் ஒப்பிடும் இடம்) ‘பாஸாகாதது’ என்று காட்டுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் கார்டில் 1,000 கட்டினார். இரண்டு நாள் கழித்து 980தான் வந்தது. பில்லில் 20 பாக்கி நிற்கிறதே?

பதில்: அவர் முழுசாகக் கட்டிவிட்டார், 20 பிடித்தது கார்டு வசூல் செய்து தருகிற நிறுவனம். ‘கார்டு வசூல்’ என்று நடப்புச் சொத்தின் (சீக்கிரம் பணமாகக்கூடியவை) கீழ் ஓர் இடைக்கணக்கு, அதாவது பணம் வங்கிக்கு வரும்வரை தற்காலிகமாக நிற்கும் லெட்ஜர், திறந்து, ரசீதை 1,000க்கே அதில் போடுங்கள். பில் அன்றே முடிந்துவிடும். பணம் வந்ததும் அங்கிருந்து 980ஐ வங்கிக்கும் 20ஐக் கமிஷன் செலவுக்கும் மாற்றுங்கள்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. இதேபோல் பத்து பில்லுக்கான பணம் ஸ்டேட்மென்டில் 9,800 என்று ஒரே வரியாக வரும். பத்து ரசீதையும் நேராக வங்கி லெட்ஜரில் போட்டிருந்தால் எதை எதோடு சேர்ப்பீர்கள்? மொத்தமாகப் போடும் செக்குகளுக்கும் இதே வழிதான். வரவேண்டியது எல்லாம் வந்தபின் இடைக்கணக்கு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் எங்கேயோ ஒரு தொகை மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்த ஓர் இடத்தில் அந்த 20ஐ ஒவ்வொரு பில்லிலும் ‘தள்ளுபடி’ என்று போட்டு முடித்திருந்தார்கள். வருட முடிவில் கமிஷன் செலவு என்று ஒரு வரிகூட இல்லை, தள்ளுபடி மட்டும் மலையாக நின்றது!

கேள்வி: வங்கி ஸ்டேட்மென்டை மென்பொருளுக்குள் இறக்கியபின் விற்பனை இரண்டு மடங்காகக் காட்டுகிறது.

பதில்: வரவு வரிகளை ‘விற்பனை’ என்று பதிந்திருப்பீர்கள். பில் போட்ட அன்றே விற்பனை ஏறிவிட்டது; இப்போது வருவது பாக்கி வசூல். அந்தப் பதிவுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் அதற்குரிய பில்லோடோ ரசீதோடோ பொருத்துங்கள்.

கேள்வி: செக் திரும்பிவிட்டது. ரசீதை அழித்துவிடலாமா?

பதில்: கூடாது. ஸ்டேட்மென்டில் வரவும் இருக்கும், திரும்பியதும் இருக்கும். திரும்பிய தேதியில் எதிர்ப்பதிவு (ரசீதுக்கு நேர் எதிரான பதிவு) போடுங்கள், பில் மறுபடி பாக்கியில் நிற்கும். வங்கி பிடித்த கட்டணம் தனிச் செலவு.

கேள்வி: யார் போட்டது என்றே தெரியாத பணம் வந்தால்?

பதில்: யாருடையது என்று தெரியும்வரை ‘சஸ்பென்ஸ்’ என்ற தற்காலிக லெட்ஜரில் வையுங்கள். தொகை ஒத்துப்போகிறது என்பதற்காக யாருடைய பழைய பில்லிலும் கழித்துவிடாதீர்கள். அப்புறம் நிஜமாகக் கட்டியவருக்கே நீங்கள் நினைவூட்டல் அனுப்புவீர்கள்.