மேப்பிள் இலைகளை மேசையில் அலங்காரமாகப் பரப்பினால் சுருண்டுவிடுகின்றனவா?

கிளிசரினில் ஊறவைத்த பிறகு பரப்புங்கள், சுருளாது. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர். அகலமான தட்டில் ஊற்றி இலைகளைப் போட்டு, மிதக்காமல் இருக்க மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூன்று நான்கு நாள் அப்படியே விடுங்கள். எடுத்துத் துடைத்தால் இலை மெல்லிய தோல் மாதிரி வளையும். விறைப்பாக இருந்தால் இன்னும் ஒரு நாள் ஊறட்டும்.

நன்றியறிதல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்துக்குப் பறித்தவை மறுநாளே ஓரம் மடங்கி நொறுங்கின என்கிறீர்கள். பெரும்பாலும் அறையைச் சூடாக்கும் ஹீட்டர்தான் காரணம். அந்த வறண்ட காற்றில் இலையிலிருக்கும் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும். கிளிசரின் அப்படி ஆவியாகாது, உள்ளேயே தங்கி இலையை இளக்கமாக வைத்திருக்கும்.

ஊறவைக்கும் முன் இலையின் நடு நரம்பை லேசாக வளைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் அது ஏற்கெனவே காய்ந்துபோனது, இனித் தேறாது. புதிதாக உதிர்ந்தவற்றையே பொறுக்குங்கள்.

ஒன்று, நிறம் கொஞ்சம் மங்கும். மஞ்சளை விடச் சிவப்பு இலைகள் கருத்துப்போனாலும் எனக்கு அந்த அடர்நிறம்தான் வெள்ளை விரிப்பில் ரொம்பப் பிடிக்கும். பிசுக்கு போகத் துடைக்காவிட்டால் விரிப்பில் கறை படியும், அப்புறம் மெழுகுவத்தி ஏற்றுவதாக இருந்தால் இலைகளை நன்றாகத் தள்ளியே வையுங்கள்.