சர்வர் பூட் ஆகலையா? திரையில என்ன நிக்குதுன்னு முதல்ல சொல்லுங்க

கேள்வி: அக்கா, பழைய ரேக் சர்வர்ல டெபியன் 12 லினக்ஸ் போட்டேன். இன்ஸ்டால் எந்தப் பிழையும் இல்லாம முடிஞ்சது. பென் டிரைவ் சொருகியிருந்தா பூட் ஆகுது, பிடுங்கிட்டா பூட் டிவைஸ் இல்லைன்னு நிக்குது. திரும்பத் திரும்ப இன்ஸ்டால் பண்ணியும் அதேதான்.

பதில்: இன்னொரு தடவை இன்ஸ்டால் பண்ணாதீங்க தம்பி. உங்க சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. சிஸ்டத்தை எழுப்புற கிரப் (பூட் லோடர்) மட்டும் பென் டிரைவ்ல போய் உட்கார்ந்துடுச்சு. சில சர்வர்கள்ல ரெய்டு கார்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து ஆளுற கார்டு) விழிக்கிறதுக்குள்ள யூஎஸ்பி எழுந்துடும். பென் டிரைவ் எஸ்டிஏ (sda, முதல் டிஸ்க்) ஆகிடும், நிஜ டிஸ்க் எஸ்டிபி (sdb) ஆகிடும். கிரப்பை எங்க போடணும்னு இன்ஸ்டாலர் கேட்டப்ப பட்டியல்ல முதல் பெயரைத் தட்டியிருப்பீங்க.

அந்தக் கேள்வி வந்ததுன்னா நீங்க பழைய பயாஸ் முறையிலதான் இன்ஸ்டால் பண்ணியிருக்கீங்கன்னும் தெரியுது. புது யூஇஎஃப்ஐ (UEFI) முறையில அதைக் கேட்காது. பென் டிரைவோடயே பூட் பண்ணுங்க. எல்எஸ்பிஎல்கே (lsblk, டிஸ்க் பட்டியல்) அடிச்சு அளவை வெச்சு நிஜ டிஸ்க் எதுன்னு உறுதிப்படுத்துங்க. அந்த டிஸ்க்குக்கு, ரூட்டா (நிர்வாகி யூசரா), கிரப்-இன்ஸ்டால் ஓட்டுங்க. பார்ட்டிஷன் எண் வேண்டாம், முழு டிஸ்க் பெயர். பிறகு அப்டேட்-கிரப். டிஸ்க் ஜிபிடியா (GPT, புது வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) இருந்தா 1 எம்பி அளவுல பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒண்ணு தேவை. அது இல்லைன்னா கிரப்-இன்ஸ்டால் முரண்டு பிடிக்கும்.

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்: அளவு பார்க்காம டிஸ்க் பெயரை அடிக்காதீங்க.

கேள்வி: சார், உபுண்டு சர்வர் போட்டேன், பூட் ஆகல. அவசரம். என்ன செய்யணும்?

பதில்: நான் சார் இல்ல, பரவாயில்ல. திரையில என்ன நிக்குது? போட்டோ எடுத்துப் போடுங்க. எந்த இடத்துல நின்னுதுங்கிறதுலயே பாதி பதில் இருக்கு. ‘பூட் டிவைஸ் இல்லை’ன்னு வந்தா ஃபர்ம்வேருக்கு (போர்டுல இருக்கிற பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ) கிரப் கிடைக்கல. ‘கிரப் ரெஸ்க்யூ’ன்னு வந்தா கிரப்போட முதல் துண்டு ஏறிடுச்சு, மாட்யூல்களை (தன்னோட மீதித் துண்டுகளை) தேடி அலையுது. ரெஸ்க்யூ இல்லாம வெறும் ‘கிரப்’னு வந்தா மாட்யூல் கிடைச்சது, கான்ஃபிக் ஃபைல் கிடைக்கல. ‘இனிட்ராம்எஃப்எஸ்’னு (initramfs, கெர்னலோட ஏறுற தற்காலிகச் சின்ன சிஸ்டம்) அடைப்புக்குறிக்குள்ள நின்னா கெர்னல் ஏறிடுச்சு, சிஸ்டம் இருக்கிற ரூட் டிஸ்க்தான் காணோம். ‘எமர்ஜென்ஸி மோட்’னா ரூட் கிடைச்சாச்சு, பெரும்பாலும் எஃப்ஸ்டேப்ல (fstab, டிஸ்க் இணைப்புப் பட்டியல்) வேற ஏதோ ஒரு வரி தப்பு. அஞ்சுக்கும் வைத்தியம் வேற வேற. அஞ்சுக்கும் ரீஇன்ஸ்டால்னு கிளம்பாதீங்க.

கேள்வி: இனிட்ராம்எஃப்எஸ்ல நிக்குது அக்கா. யூயூஐடி (பார்ட்டிஷனோட அடையாள எண்) இல்லைன்னு சொல்லுது.

பதில்: அங்கேயே பிஎல்கேஐடி (blkid) அடிங்க. டிஸ்க் இப்பத் தெரியுதுன்னா அது தாமதமா எழுந்திருக்கு. கெர்னல் வரியில ரூட்-டிலே (rootdelay=30, டிஸ்க்குக்காக 30 நொடி காத்திருக்கச் சொல்றது) சேர்த்துப் பாருங்க. டிஸ்க்கே தெரியலைன்னா பெரும்பாலும் கன்ட்ரோலர் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்க்குள்ள இல்ல. டிஸ்க் தெரியுது, யூயூஐடி மட்டும் வேறன்னா யாரோ ஃபார்மட் பண்ணியிருக்காங்க. யாருன்னு ஆபீஸ்ல விசாரிங்க.

கேள்வி: பழைய சர்வர்ல அல்மா லினக்ஸ் 9 ஏற மாட்டேங்குது. சிபியு பத்தி ஏதோ சொல்லிட்டு கெர்னல் பேனிக்.

பதில்: அல்மா உள்பட ரெட் ஹேட் 9 வகையறாவுக்கு எக்ஸ்86-64-வி2 (x86-64-v2) தரத்து சிபியு வேணும். இன்டெல்ல 2008-ல வந்த நெஹாலம் முதல் சரி. அதுக்கும் பழசுன்னா டெபியன் போடுங்க. ரெட் ஹேட் 10-வது பதிப்பு இன்னும் புதுசான வி3 கேட்குது. அல்மா மட்டும் வி2-க்குத் தனியா ஒரு பில்ட் தர்றாங்க.

கேள்வி: லேப்டாப்ல விண்டோஸும் உபுண்டுவும் சேர்த்துப் போட்டேன்…

பதில்: இங்க சர்வர் மட்டும்.

கேள்வி: மேடம், ரெண்டு டிஸ்க், எம்டிஏடிஎம் (mdadm, லினக்ஸோட சாஃப்ட்வேர் ரெய்டு) ரெய்டு 1 (ரெண்டுலயும் ஒரே நகல்), யூஇஎஃப்ஐ. சோதிச்சுப் பார்க்க முதல் டிஸ்க்கைக் கழட்டினேன், சர்வர் பூட் ஆகல. அப்புறம் ரெய்டு எதுக்கு?

பதில்: இன்ஸ்டால் முடிஞ்ச கையோட டிஸ்க்கைக் கழட்டிப் பார்த்தீங்களே, அதுக்கே பாராட்டு. ஃபர்ம்வேருக்கு எம்டி (எம்டிஏடிஎம்) ரெய்டு தெரியாது. அது படிக்கிறது ஃபேட் ஃபார்மட்ல இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷன். ரூட்டை மிரர் பண்ணீங்க, அந்தப் பார்ட்டிஷன் முதல் டிஸ்க்ல மட்டும் இருக்கு.

முதல் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி ரெய்டு ஒத்திசையட்டும். ரெண்டாவது டிஸ்க்ல அதே அளவு இடம் விட்டிருந்தா ஃபேட்32 போட்டு, இஎஃப்ஐ அடையாளம் கொடுத்து, முதலாவதுல இருக்கிறதை அப்படியே நகலெடுங்க. ஃபர்ம்வேரோட பூட் பட்டியல்ல பார்ட்டிஷன் அடையாளமும் பதிவாகியிருக்கும், அதனால இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் (efibootmgr) வெச்சு ரெண்டாவதுக்குத் தனிப் பதிவு போடணும். பட்டியல் அழிஞ்சாலும் ஃபர்ம்வேர் தேடுற பொது இடம் ஒண்ணு உண்டு: இஎஃப்ஐ, பூட், பூட்எக்ஸ்64 (EFI/BOOT/BOOTX64.EFI). கிரப்-இன்ஸ்டால்ல ரிமூவபிள்னு கொடுத்தா அங்க போடும். எஃப்ஸ்டேப்ல அந்தப் பார்ட்டிஷனுக்கு நோஃபெயில் (nofail, அது இல்லைன்னாலும் பூட் தொடரட்டும்னு சொல்றது) சேருங்க. இல்லைன்னா டிஸ்க் போன அன்னிக்கு கிரப் தாண்டியும் எமர்ஜென்ஸி மோட்ல மாட்டுவீங்க. உபுண்டு சர்வர்னா இன்ஸ்டாலர்லயே ரெண்டாவது டிஸ்க்கையும் பூட் டிவைஸா சேர்க்க வழி இருக்கு.

குறுக்கே ஒரு வாசகர்: இவ்வளவு தலைவலி எதுக்கு? செகண்ட் ஹேண்ட் ரெய்டு கார்டு ஒண்ணு போட்டா ஃபர்ம்வேருக்கு ஒரே டிஸ்க்தான் தெரியும். எங்க ஆபீஸ்ல வருஷக்கணக்கா ஓடுது.

பதில்: பூட் விஷயத்துல கார்டு சுலபம், ஒத்துக்கிறேன். கார்டு செத்தா? டிஸ்க்ல எழுதியிருக்கிற அமைப்பு அந்தக் கார்டு குடும்பத்துக்குத்தான் புரியும். எம்டி டிஸ்க்கை எந்த லினக்ஸ் மெஷின்ல சொருகினாலும் படிக்கலாம். உங்க அலமாரியில அதே மாதிரி இன்னொரு கார்டு இருக்கா?

அதே வாசகர்: கார்டு இல்ல. பேக்கப் இருக்கு.

பதில்: கடைசியா எப்ப ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க?

அதே வாசகர்: அது வேற விஷயம்.

பதில்: அதே விஷயம்தான்.

இன்னொருவர்: இஎஃப்ஐ பார்ட்டிஷனையே மெட்டாடேட்டா 1.0 வெச்சு மிரர் பண்ணலாமே? நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

பதில்: ஓடும். 1.0-ல ரெய்டு குறிப்பு பார்ட்டிஷனோட கடைசியில இருக்கிறதால ஃபர்ம்வேர் கண்ணுக்கு வெறும் ஃபேட்தான். ஆனா ஃபர்ம்வேரே அதுல ஏதாவது எழுதினா ஒரு பக்கம் மட்டும் மாறும், எம்டிக்குத் தெரியாது. எனக்குத் தனித்தனியா ரெண்டு பார்ட்டிஷன்தான் பிடிக்கும். கார்டு அண்ணே, நீங்களும் கார்டோட பேட்டரியைப் பாருங்க. அது போனா பல கார்டு ரைட் கேஷை (எழுதுறதை வேகமாக்குற தற்காலிக நினைவகத்தை) நிறுத்திடும், சர்வர் ஆமையா ஊரும்.

கேள்வி: அக்கா, கிரப் ரெஸ்க்யூ வருது.

பதில்: எல்எஸ் அடிச்சு ஒவ்வொரு பார்ட்டிஷனா உள்ள பாருங்க. கிரப் ஃபோல்டர் இருக்கிற பார்ட்டிஷனை செட் வெச்சு ரூட்டுக்கும், அந்த ஃபோல்டரோட முழுப் பாதையை பிரிஃபிக்ஸுக்கும் கொடுத்துட்டு, இன்ஸ்மாட் நார்மல், அப்புறம் நார்மல். பூட் ஆனதும் கிரப்-இன்ஸ்டால். மறந்தா நாளைக்கும் இதேதான்.

கேள்வி: எனக்கும் பென் டிரைவ் இருந்தாத்தான் பூட் ஆகுது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணா எல்லாம் சரியாயிடுமாமே?

பதில்: ‘செக்யூரிட்டி வயலேஷன்’ மாதிரி கையெழுத்துச் சரிபார்ப்புப் பிழை திரையில வந்தா அந்தப் பக்கம் போங்க. எல்லா பூட் கோளாறுக்கும் அது மருந்து இல்ல.

கேள்வி: சர்வர் பூட் ஆகல. ரீஇன்ஸ்டால் பண்ணட்டுமா?

பதில்: திரையில. என்ன. நிக்குது?

கேள்வி: நெட்வொர்க்குக்குக் காத்திருக்கேன்னு சொல்லி 2 நிமிஷம் நிக்குது, அப்புறம் லாகின் வருது.

பதில்: லாகின் வருதுன்னா பூட் ஆகிடுச்சு. கேபிள் சொருகாத போர்ட் ஒண்ணு நெட்பிளான்ல (உபுண்டுவோட நெட்வொர்க் கான்ஃபிக்) இருக்கும், அதுக்கு ஆப்ஷனல்னு ஒரு வரி சேருங்க.