மே மாதக் கடலோரப் பயணம்: சைக்கிளை வீட்டை நோக்கித் திருப்புங்கள்

கேள்வி: நானும் கணவரும் திருவொற்றியூரில் வசிக்கிறோம். ஓராண்டாக ஞாயிறுதோறும் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறோம். 40 கிலோமீட்டர் வரை சிரமமில்லாமல் முடிகிறது. மே மாதம் இருவருக்கும் சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்பு கிடைக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பிக் கடலோரமாகவே புதுச்சேரி வரை ஓட்டி, வழியில் மணலில் கூடாரம் அடித்துத் தங்க ஆசை. அந்த வெயிலில் இது நடக்கிற காரியமா? கூடாரம் எங்கே போடலாம்?

பதில்: நடக்கும். ஆனால் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். புதுச்சேரியில் தொடங்கித் திருவொற்றியூரில் முடியுங்கள்.

காரணம் காற்று. கத்திரி வெயில் நாட்களில் காலையில் நம் கரையில் வீசுவது மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று. நிலம் நன்றாகக் காய்ந்த பிறகு, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். அது பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து சாய்ந்தே வீசும். நேரம் தவறி அதுவரை சாலையில் மாட்டிக்கொண்டால், தெற்கே போகிறவருக்கு அது முகத்தில் அறையும். வடக்கே வருகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளும். கேரியரில் பத்து கிலோ மூட்டையோடு எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் மிதித்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு நாளும் வீடு கிட்டே வந்துகொண்டிருக்கும். மாமல்லபுரத்தில் உடம்பு மறுத்துவிட்டால் ஒரு மினி லாரி பிடித்து அன்றைக்கே வீடு சேரலாம்.

வியாழக்கிழமை சைக்கிள்களோடு புதுச்சேரிக்குப் போய்விடுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் சில தனியார் பஸ்களில் சாமான் அறையில் ஏற்றிக்கொள்வார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி காலை கடப்பாக்கம் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கே 1760இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட ஆலம்பரைக் கோட்டையின் மிச்சம் கழிமுகத்தை ஒட்டி நிற்கிறது. மாலையில் நடந்துபோய்ப் பாருங்கள். சனிக்கிழமை மாமல்லபுரம், இன்னொரு 50. ஞாயிறு வீட்டுக்கு 65 அல்லது கொஞ்சம் கூடுதல்.

தூரம் உங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. நேரம்தான் எல்லாம். நாலேமுக்காலுக்கு விளக்குப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். மூட்டையோடு மணிக்கு 15 கிலோமீட்டர் வைத்தாலும், இரண்டு இடத்தில் நின்று இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடலாம். ஒன்பதரைக்கு மேல் எங்கே இருந்தாலும் நிழலில் இருங்கள். மதியம் முழுக்கத் தூக்கம். மாலையில் ஓட்ட வேண்டும் என்ற நினைப்பே வேண்டாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். திருமணமான புதிதில் நானும் மனைவியும் இதே சாலையில் வந்தோம். காலையில் காபிக்கடையில் கதைபேசி ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு, பதினொரு மணிக்கு மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். இருபுறமும் வெள்ளை வெளேரென்று பாத்திகள், உப்புக் குவியல்கள். ஒரு மரம் கிடையாது. வெயில் மேலிருந்து ஒரு பங்கு, கீழிருந்து ஒரு பங்கு. நான் வீம்பாக முன்னால் மிதித்துக்கொண்டே போய், திரும்பிப் பார்த்தபோது அவளைக் காணவில்லை. அரை கிலோமீட்டர் பின்னால், உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். அன்று இரவு வரை பேச்சில்லை. ஆகவே தம்பதிகளுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: மெதுவாக ஓட்டுகிறவர் எப்போதும் முன்னால். உங்களில் அது யார் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். சாலையில் பேசினால் சண்டை வரும்.

இனி கூடாரம். திறந்த கடற்கரையில், யாரையும் கேட்காமல் அடிக்க வேண்டாம். ரோந்து வரும் போலீசார் நடுராத்திரியில் எழுப்பி அனுப்பிவிட்டால் இருட்டில் எங்கே போவீர்கள்? கடலோர விடுதி வளாகம், தெரிந்தவர் தோப்பு, மீனவர் குப்பத்தில் ஊர்ப் பெரியவர்கள் காட்டும் இடம், இந்த மூன்றில் ஒன்றைக் கிளம்புமுன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். இருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆனால் நாட்டுப்படகுகள் போகும், கரையில் வலை காயும். அந்த வலைகள்மீது சைக்கிளைச் சாய்த்துவிடாதீர்கள்.

கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கூடாரம் அடிப்பது? படகுகளை இழுத்து வைத்திருக்கும் வரிசைக்குப் பின்னால். அலை எதுவரை ஏறும் என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். அதைத்தான் படகு வரிசை காட்டுகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் இன்னும் மேலே ஏறும். காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரக் கடலிலிருந்து பெருத்த அலைகள் திடீரென வருவதுண்டு, கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது, தினமும் பார்த்துவிடுங்கள். தென்னைக்கு அடியில் படுக்காதீர்கள்: ஒரு மட்டை விழுந்தால் போதும். சவுக்குத் தோப்பு நல்லது, ஆனால் அந்தச் சருகு பஞ்சுபோல் பற்றிக்கொள்ளும். அடுப்பு மூட்டவே கூடாது.

கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் மணலில் நிற்காது. நான்கு துணிப்பைகளில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது. வாசல் தென்கிழக்கு பார்த்து இருக்கட்டும். வானம் தெளிவாக இருந்தால் மேலுறையைக் கழற்றிவிட்டுக் கொசுவலைத் துணியோடு மட்டும் படுங்கள். பொழுது சாய்ந்த பிறகு அடித்து, விடியுமுன் மடக்கிவிட வேண்டும். பகலில் அது இட்லிக் கொப்பரை.

தண்ணீர்: மணிக்கு ஆளுக்கு அரை முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள், பாதிப் பாதியாக அல்ல. நீர்மோரும் நுங்கும் இளநீரும் வழியெல்லாம் கிடைக்கும். வடசென்னைக்காரர்களுக்குக் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடுமையான வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு கொதித்தாலோ, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சைக்கிளுக்குச் செலவு அதிகமில்லை. மூட்டையின் பாரம் பின்சக்கரத்தில்தான் விழும். அதற்கு மட்டும் தெருமுனைக் கடையில் பெண்டு எடுத்து, தளர்ந்த கம்பிகளை இறுக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு டியூப்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், முழு மூட்டையோடு பழவேற்காட்டுக்கு ஓர் இரவு ஒத்திகை போய் வாருங்கள். மீஞ்சூர், பொன்னேரி வழியாக ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஏரியும் டச்சுக் கல்லறைகளும் பார்த்ததாக இருக்கும். மூட்டையில் எது வீண் சுமை என்பதும் தெரிந்துவிடும். எங்கள் ஒத்திகையில் இரும்புத் தோசைக்கல் கழிந்தது.

கடைசி நாள் நான்கு மணிக்கே மாமல்லபுரத்தை விட்டுவிடுங்கள். ஏழு மணிக்குத் திருவான்மியூர். ஞாயிறு என்பதால் நேப்பியர் பாலம் வரை நகரம் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். ராஜாஜி சாலை தொடங்கிக் காசிமேடு தாண்டும் வரை கதையே வேறு. கண்டெய்னர் லாரிகளுக்கு ஞாயிறு கிடையாது. சிக்னலில் அவற்றின் இடப்பக்கம் போய் நிற்காதீர்கள். திரும்பும்போது பின்பகுதி உள்ளே ஒடிந்து வரும், ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். முன்னால் போக இடமில்லை என்றால் அதன் பின்னால் நில்லுங்கள், புகையைக் குடித்தாலும் பரவாயில்லை.

வீடு சேர்ந்ததும் நீங்கள் குளிக்குமுன் சைக்கிள்களைக் குளிப்பாட்டுங்கள். உப்புக்காற்றில் மூன்று நாள் இருந்த சங்கிலி, ஒரு வாரம் மூலையில் நின்றால் துருவேறிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.