அக்வாபோனிக்ஸ் தொட்டியில் மீன் சாகிறது: கல்லைக் கழுவிவிடாதீர்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டுக்குப் பின்னால் 500 லிட்டர் தொட்டியும், ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஓரடி ஆழமும் கொண்ட செடிக்கான இரண்டு ஜல்லிப் படுகைகளும் வைத்து, மீன் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் தொடங்கினேன். குழாய்த் தண்ணீர் நிரப்பி, மறுநாளே 60 திலேப்பியா குஞ்சுகளை விட்டேன். தினமும் மூன்று வேளை தீவனம். இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தன. 16-ஆம் நாளிலிருந்து தினம் மூன்று நான்கு செத்து மிதக்கின்றன. காற்று பம்பு ஓடுகிறது, ஆனாலும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செத்த மீனின் செவுள் பழுப்பாக இருக்கிறது. தண்ணீரோ பளிங்கு போலத் தெளிவு. நோய் என்று சொல்லி ஒருவர் ஆன்டிபயாட்டிக் கலக்கச் சொன்னார். எல்லாவற்றையும் காலி செய்து, கல்லை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, முதலிலிருந்து தொடங்கலாமா? எத்தனை மீன் விடலாம்? புதினாவில் அசுவினி வந்திருக்கிறது, வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

பதில்: வணக்கம். முதலில் ஒன்று: தொட்டியைக் காலி செய்யாதீர்கள், கல்லைக் கழுவாதீர்கள், ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் இந்த மூன்று வாரத்தில் உங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயத்தை இழந்துவிடுவீர்கள்.

செவுளைத் திறந்து பார்த்து நிறத்தை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. என் முதல் தொட்டியிலும் இதே மூன்றாவது வாரத்தில்தான் மீன் செத்தது. விரல் நீள மீன் ஒன்றைக் கையில் வைத்து, செவுள் மூடியை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காபிப்பொடி நிறத்தில் இருந்தது. அது நைட்ரைட் நஞ்சு. நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, ரத்தமே பழுப்பாகிவிடும். தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்தாலும் மீனுக்கு மூச்சு முட்டும். அதனால்தான் பம்பு ஓடியும் அவை மேலே வந்து தவிக்கின்றன.

இது எங்கிருந்து வந்தது? மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் அழுகும் தீவனமும் அம்மோனியாவாகத்தான் மாறும். ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். செடி விரும்பி எடுப்பது அந்த நைட்ரேட்டைத்தான். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இருக்காது. முதல் கூட்டம் முன்னால் பெருகும், இரண்டாவது தாமதமாக வரும். நடுவில் இருக்கும் நாட்களில் நைட்ரைட் உச்சத்துக்குப் போகும். உங்கள் தொட்டி இப்போது அந்த உச்சத்தில் நிற்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே தெளிவான தண்ணீரை நம்ப வேண்டாம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நைட்ரைட் ஏறியிருக்கிறது என்றால் முதல் கூட்டம் உங்கள் ஜல்லியில் குடியேறிவிட்டது என்று பொருள். அவை தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை, கல்லின் மேல் மெல்லிய வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டால் அத்தனையும் செத்து, மறுபடி முதல் நாளிலிருந்து நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். வெயிலில் கல் காய்ந்தாலும் இதே கதைதான்.

சரி, இன்றே செய்ய வேண்டியது. தீவனத்தை அடியோடு நிறுத்துங்கள். இந்த அளவுக் குஞ்சுகள் சில நாள் பட்டினியைத் தாங்கும், நைட்ரைட்டைத் தாங்காது. தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். பாக்டீரியா கல்லில் இருப்பதால் தண்ணீரை மாற்றுவதால் நட்டமில்லை. ஆனால் குழாய்த் தண்ணீரை நேராகப் பிடிக்காதீர்கள், குளோரின் மீனையும் பாக்டீரியாவையும் சேர்த்து அடிக்கும். வாயகன்ற தொட்டியில் காற்று பம்பு போட்டு ஒன்றிரண்டு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீர் அப்படித் தெளியாது, அதற்கு மீன்தொட்டிக்கான குளோரின் நீக்கி மருந்துதான் வழி. அவசரத்துக்கு இப்போதே மாற்ற வேண்டுமானாலும் அதே மருந்தைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், அயோடின் சேர்க்காத உப்பு லிட்டருக்கு 1 கிராம், அதாவது 500 லிட்டருக்கு அரைக் கிலோ, வாளியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு செவுளின் வாசலில் நைட்ரைட்டுக்கு இடம் விடாது. இந்த அளவைப் பெரும்பாலான செடிகள் தாங்கும். உப்பு ஆவியாகிப் போகாது, ஆகையால் ஒரு தடவைக்கு மேல் போட வேண்டாம்.

டெஸ்ட் கிட் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) நான்கையும் தினமும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே வரும் வரை தீவனப் பையைத் திறக்காதீர்கள். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி நின்று, நைட்ரேட் ஏறத் தொடங்கினால் இரண்டாவது கூட்டமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு வாரம் குறைவாகவே போடுங்கள், ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் மீன் விடுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடலாம். வாசனையும் சோப்பும் சேர்க்காத அம்மோனியா திரவத்தை லிட்டருக்கு 2-3 மில்லிகிராம் அளவுக்குக் கலந்து, மீன் இல்லாமலே தொட்டியை ஓட்ட வேண்டும். போட்ட அம்மோனியா ஒரே நாளில் நைட்ரைட்டும் மிஞ்சாமல் தீர்ந்தால் தொட்டி தயார். பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், ஆனால் இந்த முறையில் ஒரு மீன்கூடச் சாகாது.

அடுத்து, மீன் எண்ணிக்கை. 60 குஞ்சு இப்போது சிறிதாகத் தெரியும். ஒவ்வொன்றும் அரைக் கிலோ ஆனால் 30 கிலோ. உங்கள் தொட்டிக்கு உச்சவரம்பே 10 கிலோதான், முதல் தடவைக்கு 5 கிலோ போதும். அதாவது பத்துப் பன்னிரண்டு மீன். மிச்சத்தை வளரும் முன்பே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள், திலேப்பியா அங்கே பெருகி மற்ற மீன்களை நெருக்கும். திலேப்பியா வளர்ப்புக்குக் கட்டுப்பாடு உள்ள இடங்களும் உண்டு, விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரீபியனில் உள்ள வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஜேம்ஸ் ராகோசியின் குழு பல ஆண்டுகள் அக்வாபோனிக்ஸ் முறையை ஓட்டி, தினமும் விழும் தீவனத்தைச் செடிப் பரப்போடு பொருத்தும் கணக்கை வகுத்தது. எனக்கும் மீன் தலையை எண்ணுவதைவிட இந்தக் கணக்குதான் கைகொடுக்கிறது. ஜல்லிப் படுகையில் கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 40-50 கிராம் தீவனம். உங்கள் இரண்டு படுகைக்கு 80-100 கிராம். வளர்ந்த மீன் தன் எடையில் ஒன்றிரண்டு சதவீதம் தின்னும், ஆக 5 கிலோ மீன் இந்த அளவைத் தின்றுவிடும். தக்காளி, மிளகாய்க்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும், முதல் ஆறு மாதம் அவற்றைத் தள்ளிவையுங்கள்.

தொட்டித் தண்ணீர் ஏறி இரண்டு படுகையும் ஒரே நேரத்தில் நிரம்பினால் ஏறத்தாழ 200 லிட்டர் மேலே போய்விடும், மீனுக்கு மிஞ்சுவது பாதிக்குச் சற்று மேல். ஒன்று வடிந்த பிறகு மற்றொன்று நிரம்பும்படி வையுங்கள்.

ஜல்லியையும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நாலைந்து கல்லை எடுத்து அவற்றின் மேல் வினிகர் விட்டு, காதருகே பிடியுங்கள். சுர்ரென்று நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அது பிஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும். பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் அம்மோனியாவில் நஞ்சான பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகும். நுரைத்தால் கல்லை மாற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல, தொட்டி நிலைப்பட்ட பிறகு ஒரு படுகை, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. நுரைக்கவில்லை என்றால், நாளடைவில் பிஎச் தானாக இறங்கும், பாக்டீரியாவின் வேலை அப்படி. 6-க்குக் கீழே போக விடாதீர்கள்.

வேப்பெண்ணெய் வேண்டாம், சோப்புக் கரைசலும் வேண்டாம். இலையில் அடிப்பது சொட்டிச் சொட்டித் தொட்டிக்குத்தான் வரும், மீனின் செவுளுக்கு இரண்டுமே ஆகாது. அசுவினி மொய்த்த நுனிகளைக் கிள்ளி எறியுங்கள். மிச்சத்தை இலையின் அடிப்பக்கமாகத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு வாரம். பொறிவண்டு வந்தால் விட்டுவையுங்கள்.