வெங்கர் விடைபெற்ற நாள்கள்: கோபமும் கண்ணீரும் (கேள்வி பதில்)

லண்டனின் ஆர்செனல் கால்பந்துக் கழகத்துக்கு 22 ஆண்டுகள் மேலாளராக இருந்த ஆர்சென் வெங்கர் 2018இல் பதவி விலகியதையும், ரசிகர்கள் அதை எதிர்கொண்ட விதத்தையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆங்கிலக் கால்பந்துக் கழகங்களின் வரலாறும் நிர்வாகமும் நான் நெடுங்காலமாகப் படித்துவரும் துறை. ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த 22 ஆண்டுகளை 2006இல் இரண்டாக வெட்டி, முன்பாதி பொற்காலம், பின்பாதி வீழ்ச்சி என்ற முடிவோடு கேள்வியைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: வெங்கர் தாமாக விலகினாரா, நீக்கப்பட்டாரா?

2018 ஏப்ரல் 20 அன்று வெளியான அறிக்கை, கழகத்துடன் பேசி, நன்கு யோசித்த பிறகு விலகுவதாக அவர் பெயரில்தான் வந்தது. ஆனால் 2017 மே மாதம் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு மீதமிருந்தது. விலகும் நேரத்தை உண்மையில் தாம் முடிவு செய்யவில்லை என்று அடுத்த சில நாள்களிலேயே அவர் செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். கதவு திறந்து காட்டப்பட்டது, அவர் கண்ணியமாக வெளியேறினார் என்பதே என் புரிதல்.

கேள்வி: 'வெளியேறு' என்று ஓராண்டுக்கு முன் கோஷமிட்ட அதே ரசிகர்கள் கடைசி ஆட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்களே, அது வேடம் இல்லையா?

இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் இந்த அமர்வுக்கே ஒப்புக்கொண்டேன், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2018 மே 6 அன்று எமிரேட்ஸ் மைதானத்தில் பர்ன்லிக்கு எதிராக நடந்ததுதான் ஆர்செனலின் சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம். ஒவ்வோர் இருக்கையிலும், பிரெஞ்சு மொழியில் அவருக்கு நன்றி சொல்லும் சிவப்புச் சட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. இரு வரிசையாக நின்ற மரியாதை அணிவகுப்பின் நடுவே அவர் களத்துக்குள் வந்தார். ஆட்டம் 5–0 என முடிந்தபின், 2003–04இல் தோல்வியே இல்லாமல் லீக்கை வென்றதற்காகக் கழகம் பெற்றிருந்த தங்கக் கோப்பையை அவருக்கே கொடுத்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்ததும் அவர் முதலில் பேசியது தம்மைப் பற்றி அல்ல. முந்தைய நாள் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் இருந்த தம் பழைய எதிராளி, மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் குணமடைய வேண்டும் என்றுதான் தொடங்கினார்.

அந்தச் சட்டையை அணிந்துகொண்டு அழுதவர்களில் பலர், பேயர்ன் மியூனிக்கிடம் இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 10–2 என்று தோற்ற 2017 மார்ச் மாதத்தில் அவர் போக வேண்டும் என்று விரும்பியவர்கள்தாம். அவரால்தான் அவர்களுடைய எதிர்பார்ப்பு அந்த உயரத்துக்குப் போயிருந்தது. 1996இல் அவர் ஜப்பானின் நகோயாவிலிருந்து வந்தபோது ஆர்செனல் ரசிகர் ஒருவர் கோப்பையை எதிர்பார்த்தாரே தவிர, இத்தனை அழகான ஆட்டத்தைக் கேட்டதில்லை. அழகையும் வெற்றியையும் சேர்த்தே எதிர்பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் வெங்கர். அந்த அளவுகோலை எடுத்து அவரையே அளந்தபோது எழுந்த வலியைத்தான் கோபமாகப் பார்த்தோம். கோபப்பட்ட நெஞ்சும் கைதட்டிய கையும் ஒரே ஆளுடையவை.

கேள்வி: 2005க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் கோப்பையே இல்லை. வேறெந்த மேலாளரையாவது அத்தனை நாள் வைத்திருப்பார்களா?

அந்த ஒன்பது ஆண்டுகளில் கழகத்தின் கணக்குப் புத்தகம் எப்படி இருந்தது என்று பாருங்கள். ஏறக்குறைய 38,000 பேர் அமரக்கூடிய பழைய மைதானமான ஹைபரியை விட்டு, 60,000 பேருக்கான எமிரேட்ஸுக்கு 2006இல் கழகம் இடம்பெயர்ந்தது. செலவு சுமார் 39 கோடி பவுண்டு, அதில் பெரும்பகுதி கடன். வெங்கர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று கடன் கொடுத்த வங்கிகளே விரும்பியதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு மேலாளரின் பெயர் கடனுக்குப் பிணையாக நின்றது என்றே இதைச் சொல்லலாம்.

இதற்குச் சற்று முன் 2003இல் செல்சியையும், இதே காலத்தில் 2008இல் மான்செஸ்டர் சிட்டியையும் பெரும் பணக்காரர்கள் வாங்கினார்கள். ஆர்செனலோ தன் முன்னணி வீரர்களை விற்றுக்கொண்டிருந்தது: 2005இல் வியேரா, 2007இல் ஆன்ரி, 2011இல் ஃபாப்ரகாஸும் நஸ்ரியும், 2012இல் வான் பெர்சி. இப்படித் தலைவர்களை ஒவ்வொருவராக இழந்தபோதும் அணி ஒவ்வோர் ஆண்டும் முதல் நான்கு இடங்களுக்குள் வந்து, ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் வருமானத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. அவருடைய முதல் 20 பருவங்களில் ஒன்றில்கூட ஆர்செனல் நான்காம் இடத்துக்குக் கீழே முடிக்கவில்லை. 2013இல் 4.25 கோடி பவுண்டுக்கு நடுக்கள வீரர் ஓசில் வந்ததுதான் கடன் நெருக்கடி தளர்ந்ததற்கான முதல் பெரிய அடையாளம். அடுத்த மே மாதமே, தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது.

2014க்குப் பிறகு அந்தச் சாக்கு செல்லாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் வந்தபின் நடுக்களமும் தற்காப்பும் ஆண்டுக்கணக்கில் சீர்செய்யப்படவில்லை. அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு வெங்கருடையதே.

கேள்வி: ஃபெர்குசன் பெரியவரா, வெங்கர் பெரியவரா?

மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசன் 13 பிரீமியர் லீக் பட்டங்கள் வென்றார், வெங்கர் மூன்று. கோப்பைக் கணக்கில் இதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை.

கேள்வி: நீங்கள் ரசிகர்களுக்குப் பரிந்து பேசுகிறீர்கள். விமானத்தில் பதாகை கட்டிப் பறக்கவிட்டவர்களை நன்றிகெட்டவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவரை விரட்டியதே அவர்கள்தாம்.

2017 மார்ச் 18 அன்று வெஸ்ட் பிராம்விச் ஆட்டத்தின்போது பறந்தவை இரண்டு பதாகைகள். ஒன்று புதிய ஒப்பந்தம் கூடாது என்றது, மற்றொன்று அவர்மீது நம்பிக்கை வைத்திருப்பதாகச் சொன்னது. இரண்டுக்கும் பணம் கொடுத்தவர்கள் ஆர்செனல் ரசிகர்களே. நீங்கள் ஒரு பதாகையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறீர்கள்.

என் எல்லைக்கோட்டையும் சொல்லிவிடுகிறேன். 2014 டிசம்பரில் ஸ்டோக்கில் தோற்றுவிட்டு ரயில் ஏறவந்த அவரை நடைமேடையில் நின்று சிலர் வசைபாடினார்கள். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் இங்கிலாந்திலேயே மிக விலை உயர்ந்த சீசன் டிக்கெட்டுகளுள் ஒன்றை வாங்கியவர், இந்தக் கழகம் தேங்கி நிற்கிறது என்று சொல்வதற்கு முழு உரிமை உள்ளவர்.

கேள்வி (அதே நண்பர்): உரிமை இருந்தால் மேலாளரை அவமானப்படுத்தலாமா? உரிமையாளரை எதிர்த்திருக்கலாமே?

எந்த வழியில் எதிர்த்திருப்பார்கள் என்று சொல்லுங்கள். பெரும்பான்மைப் பங்குகளை 2011 முதல் வைத்திருந்த ஸ்டான் குரோன்கி அமெரிக்காவில் இருந்தார், பொதுவெளியில் பேசுவதே அரிது. வெங்கரை அழைத்து வந்தவரும், வீரர் ஒப்பந்தங்களைப் பேசி முடிப்பதில் வல்லவருமான துணைத்தலைவர் டேவிட் டீன் 2007 ஏப்ரலில் வெளியேறியபின், அந்த இடத்தை நிரப்பும் கால்பந்து அறிவு நிர்வாகத்தில் நெடுநாள் இல்லை. வீரர் தேர்வு, விலை, ஊதியம், பயிற்சி, செய்தியாளர் சந்திப்பு என எல்லாமே ஒரே மனிதரின் மேசையில் வந்து குவிந்தன. தோற்ற மறுநாள் கேமராவுக்கு முன்னால் உட்காரவேண்டியவரும் அவர்தான். அவரும் ஒருநாள்கூட உரிமையாளரைக் காட்டிக்கொடுக்கவில்லை. முறையிட வேறு முகமே தெரியாத ரசிகர், தெரிந்த ஒரே முகத்திடம் முறையிட்டார்.

கேள்வி (வேறொருவர்): மேலே வாதிடும் நண்பருடன் உடன்படுகிறேன். 2018 மார்ச்சில் மைதானம் பாதி காலியாக இருந்ததே, அது கைவிட்டதற்குச் சமம் இல்லையா?

மார்ச் 1 அன்று சிட்டிக்கு எதிரான ஆட்டத்தை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். அன்று லண்டனில் கடும் பனி. நான்கு நாள்களுக்கு முன்புதான் வெம்ப்லியில் லீக் கோப்பை இறுதிப்போட்டியில் அதே சிட்டியிடம் 3–0 எனத் தோற்றிருந்தார்கள், அன்றும் அதே 3–0. ஆனால் அடுத்தடுத்த வார ஆட்டங்களிலும் இருக்கைகள் காலியாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். விற்ற டிக்கெட்டுகளைத்தான் கழகம் வருகை எண்ணிக்கையாக அறிவிக்கும் என்பதால், அறிவிப்பில் கூட்டம் இருந்தது, கண்ணுக்கு முன்னால் வெற்று இருக்கைகள் இருந்தன. பணம் கட்டிவிட்டு வராமல் இருந்தவர்கள் கழகத்தைக் கைவிடவில்லை. கத்தாமல், யாரையும் திட்டாமல், நிர்வாகத்துக்குப் புரியும்படி ஒரு சேதி அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்த முழுக் காலத்திலும் மிகக் கண்ணியமான எதிர்ப்பு அதுதான். ரசிகர்களிடையே ஒற்றுமை இல்லாத தோற்றம் தம்மைப் புண்படுத்தியதாக வெங்கரே சொன்னார், ரசிகர்கள்மீது வன்மம் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார். அவர் மன்னித்ததை நாம் பிடித்துத் தொங்கவேண்டியதில்லை. இந்த வாதத்தை இத்துடன் நிறுத்தி மற்றவர்களுக்கு வழிவிடுவோம்.

கேள்வி: வீரர்களின் சாப்பாட்டை அவர் மாற்றியது உண்மையா?

உண்மை. 1996 அக்டோபர் 12 அன்று பிளாக்பர்னில் நடந்த அவருடைய முதல் ஆட்டத்தை 2–0 என வென்றார்கள், இரண்டு கோலும் இயன் ரைட். சாக்லேட் நிறுத்தப்பட்டிருந்ததால், எங்கள் மார்ஸ் சாக்லேட்டைக் கொடுங்கள் என்று வீரர்கள் பேருந்தில் பாடினார்கள் என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். வேகவைத்த கோழி, மீன், காய்கறிகள், ஆட்டத்துக்கு முன் தசைநீட்டும் பயிற்சி என்று எல்லாம் மாறின. முப்பதைத் தாண்டிய தற்காப்பு வீரர்கள் பல ஆண்டுகள் கூடுதலாக ஆடினார்கள். தம் குடிப்பழக்கத்தை அந்த ஆண்டுதான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்த அணித்தலைவர் டோனி ஆடம்ஸ், 1998 மே 3 அன்று எவர்டனுக்கு எதிராக இடதுகாலால் அடித்த கோலுடன் லீக் பட்டம் உறுதியானது.

கேள்வி: அவரை நீக்கினார்களா, அவரே போனாரா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: இந்தக் கோடையில் ஆர்செனல் எந்த முன்கள வீரரை வாங்கும்?

இது என் துறை அல்ல. வீரர் பரிமாற்றச் செய்திகளைத் தொடர்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: 2006 வரை மேதை, அதன்பின் சராசரி மேலாளர் என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

எதை வேண்டாம் என்று தொடக்கத்தில் கேட்டுக்கொண்டேனோ அதையே கேட்டிருக்கிறீர்கள். அவர் வென்ற ஏழு எஃப்.ஏ. கோப்பைகளுள் மூன்று, 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. சராசரி மேலாளரால் இயலாத காரியம் அது.

கேள்வி: ஃபெர்குசன், வெங்கர் இருவரில் யார் சிறந்தவர்?

மேலே பதில் இருக்கிறது. கேட்பதற்கு முன் படித்துவிட்டு வாருங்கள், அன்புகூர்ந்து.

கேள்வி: நீண்டகால மேலாளர் போனபின் யுனைடெட்டும் ஆர்செனலும் தடுமாறின. லிவர்பூல் மட்டும் கிளாப் போன மறு பருவமே லீக்கை வென்றது எப்படி?

நல்ல கேள்வி. புதிதாக வந்த மேலாளரின் திறமையை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. 2013இல் ஃபெர்குசனுடன் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் சேர்ந்தே போனார். ஆறாண்டு ஒப்பந்தத்தில் வந்த டேவிட் மாய்ஸ் முதல் பருவம் முடியும் முன்பே நீக்கப்பட்டார். ஆர்செனலில் 2018இல் வெங்கரின் இடத்துக்கு உனாய் எமரியைத் தேர்ந்தெடுத்த தலைமை நிர்வாகி இவான் கசிடிஸ் அந்த ஆண்டே மிலானுக்குக் கிளம்பினார், வீரர் தேடலுக்காக அழைத்துவரப்பட்ட ஸ்வென் மிஸ்லிந்தாத் 2019 தொடக்கத்தில் விலகினார். 2019 நவம்பரில் எமரியும் நீக்கப்பட்டார்.

லிவர்பூலிலோ யோர்கன் கிளாப் தம் முடிவை 2024 ஜனவரி 26 அன்றே அறிவித்துவிட்டதால் நான்கு மாத அவகாசம் கிடைத்தது. கழகத்தின் முன்னாள் விளையாட்டு இயக்குநர் மைக்கேல் எட்வர்ட்ஸ் திரும்பி வந்தார், ரிச்சர்ட் ஹியூஸ் விளையாட்டு இயக்குநரானார், அவர்கள்தாம் புதிய மேலாளராக ஆர்னே ஸ்லாட்டைக் கொண்டுவந்தார்கள். வீரர்களை வாங்குவதற்கு ஓர் அமைப்பு ஏற்கெனவே அங்கே இயங்கிக்கொண்டிருந்தது. டீன் போன 2007இலேயே ஆர்செனல் அப்படி ஒன்றைக் கட்டியிருந்தால், வெங்கரின் பிற்பகுதியும் வேறாக இருந்திருக்கும், அவர் விடைபெறுவதும் இத்தனை வலியோடு நடந்திருக்காது.

கேள்வி: பிறகு அவர் எமிரேட்ஸுக்குத் திரும்பினாரா?

நான்கரை ஆண்டுகள் வரவில்லை. 2022 டிசம்பர் 26 அன்று வெஸ்ட் ஹாமுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க வந்தார். அவர் காலத்தில் அணித்தலைவராக இருந்த ஆர்தேத்தா அப்போது மேலாளர். 2023 ஜூலையில் மைதானத்துக்கு வெளியே வெங்கரின் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது.

கேள்வி: நான் ஆர்தேத்தா காலத்தில்தான் பார்க்கத் தொடங்கினேன். வெங்கரின் எந்த ஆட்டங்களைத் தேடிப் பார்க்கலாம்?

2003 நவம்பரில் மிலானில் இன்டரை 5–1 என வென்றது, 2006 பிப்ரவரியில் ஆன்ரியின் ஒற்றைக் கோலில் ரியால் மாட்ரிடை அதன் மைதானத்திலேயே வீழ்த்தியது ஆகிய இரண்டிலிருந்து தொடங்குங்கள். பிறகு 2014 மார்ச்சில் அவருடைய ஆயிரமாவது ஆட்டத்தில் செல்சியிடம் 6–0 எனத் தோற்றதைப் பாருங்கள், அதைத் தவிர்க்காதீர்கள். எட்டே வாரங்கள் கழித்து வெம்ப்லியில் ஹல் சிட்டிக்கு எதிராக நடந்த இறுதிப்போட்டியை அதன்பின் பாருங்கள்: முதல் எட்டு நிமிடங்களுக்குள் 2–0 எனப் பின்தங்கியவர்கள், கூடுதல் நேரத்தில் ராம்சி அடித்த கோலில் 3–2 என வென்றார்கள். சுருக்கத் தொகுப்பு வேண்டாம், முழு ஆட்டமாகவே பாருங்கள்.